சயாம் உணவும் சயாம் பாதையும்



தோட்டத்துக் குடும்பம் ஒன்று, கோலாலம்பூரில் வேலை செய்யும் மூத்த பேரனைப் பார்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் வாங்கிய பேரன், எல்லாரையும் கடைக்கு அழைத்துப் போகிறான். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுழலும் காற்றாடி, ஆவி பறக்கும் சட்டி. பாட்டி கேட்கிறார்: "இது எந்த ஊருச் சாப்பாடுய்யா?" பேரன் சொல்கிறான்: "தாய்லாந்துச் சாப்பாடு, பாட்டி. முன்னே சயாமுன்னு சொல்வாங்களே, அந்த ஊரு." பாட்டியின் முகம் மாறுகிறது. "எனக்கு வேணாம்யா. நான் கைப்பிள்ளையா இருந்தப்போ எங்கப்பாரு சயாமுக்குப் போனவரு. திரும்பி வரலே."

பேரனுக்குச் சயாம் என்றால் புளிப்பும் உறைப்புமான ஒரு சாறு. பாட்டிக்குச் சயாம் என்றால் ஒரு மரணச் செய்தி. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் எப்படி வந்தது? அந்த மேசையில் இருக்கும் உணவைக் கொண்டே இன்று அதைப் பார்ப்போம்.

முதலில் வருவது தொம்யாம். தாய் மொழியில் 'தொம்' என்றால் கொதிக்க வைப்பது. 'யாம்' என்றால் புளிப்பும் உறைப்பும் சேர்த்துக் கலப்பது. செரை, லெங்குவாஸ், லீமாவ் பூருட் இலை, மிளகாய், இறால், எலுமிச்சைச் சாறு ஆகியவை சேர்ந்தால் அந்த மணம் வந்துவிடும். இறால் தொம்யாமை 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டில் தொம்யாம் கடை நடத்துவோரிலும் அவற்றில் சமைப்போரிலும் பலர், தாய்லாந்தின் தென்கோடியிலுள்ள பட்டானி, யாலா, நராத்திவாட் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். மலாய் பேசும் முஸ்லிம்கள். தாய்லாந்துக்காரர் எப்படி மலாய் பேசுகிறார் என்று நாம் வியப்பதுண்டு. அதற்கு விடை 1909ஆம் ஆண்டின் ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவ்வாண்டு பிரிட்டனும் சயாமும் பாங்காக்கில் கையெழுத்திட்டன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களின் மீதிருந்த உரிமையைச் சயாம் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. பட்டானி சயாமிடமே நின்றது. ஒரே மொழி பேசிய மக்களின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. கோட்டுக்கு அப்பால் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பிழைப்புத் தேடி வந்து நமக்குச் சமைத்துப் போடுகிறார்கள். பிழைக்க வந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல.

இனி, சாற்றில் மிதக்கும் மிளகாய். அது சயாமில் பிறந்ததும் அல்ல, தமிழ்நாட்டில் பிறந்ததும் அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர், அதே ஆண்டில் சயாமின் தலைநகரான அயுத்தயாவுக்குத் தூதரை அனுப்பினார்கள். அவர்களுடைய வாணிபத்தின் வழியாகத்தான் மிளகாய் இப்பகுதிகளுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு காரம் என்றால் மிளகுதான்.

புதிதாக வந்த காய்க்குத் தமிழர்கள், மிளகைப் போல் உறைக்கும் காய் என்று மிளகாய் எனப் பெயரிட்டார்கள். சயாமியரும் மிளகுக்குரிய 'பிரிக்' என்ற பெயரையே அதற்குக் கொடுத்தார்கள். பிறகு மிளகாய் பெருகிவிட்டதால், பழைய மிளகைப் பிரித்துக் காட்ட 'பிரிக் தாய்', அதாவது நம் நாட்டுப் பிரிக் என்று அழைத்தார்கள். கடல் கடந்த இரண்டு இனங்கள் ஒரே விதமாக யோசித்திருப்பதைப் பாருங்கள்.

மேசையில் ஒரு கரண்டியும் ஒரு முள்கரண்டியும் வைத்திருப்பார்கள், கத்தி இருக்காது. சயாமியரும் முன்பு நம்மைப் போல் கையால் உண்டவர்கள்தாம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பழக்கங்கள் அரண்மனைக்குள் நுழைந்தன. சூலாலங்கொர்ன் மன்னர் 1871இல் சிங்கப்பூருக்கே வந்து வெள்ளையர் ஆட்சிமுறையைப் பார்த்துச் சென்றார். கரண்டியை ஏற்றுக்கொண்ட சயாமியர் கத்தியை ஏற்கவில்லை. இறைச்சியும் காயும் அடுப்படியிலேயே நறுக்கப்பட்டு விடுவதால் மேசையில் கத்திக்கு வேலை இல்லை.

அடுத்து வருவது பாட் தாய். அரிசிக் கொய்தியாவைப் புளி, முட்டை, தவுகே, வேர்க்கடலை சேர்த்துப் பிரட்டிய உணவு. கொய்தியாவ் சீனர் கொண்டுவந்தது. அதற்கு நாட்டின் பெயர் எப்படி வந்தது?

1938 முடிவில் பிபுன் சொங்க்ராம் என்ற இராணுவத் தலைவர் பிரதமரானார். 1939 ஜூன் மாதத்தில் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றினார். மக்கள் எப்படி உடுத்த வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் ஆணைகள் பிறந்தன. போர்க்காலத்தில் நெருக்கடி வந்தபோது, எல்லாரும் கொய்தியாவ் சாப்பிடுங்கள் என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. அந்தக் காலத்தில் வளர்ந்து, தேசிய உணவு என்று பெயரெடுத்ததுதான் பாட் தாய்.

நேயர்களே, பாட்டியின் கதை இங்கேதான் வந்து சேருகிறது. அதே பிபுன் அரசாங்கம் 1941 டிசம்பரில் ஜப்பானியப் படைக்கு வழிவிட்டு, அவர்களோடு உடன்படிக்கையும் செய்துகொண்டது. பர்மாவிலுள்ள தன் படைகளுக்குத் தளவாடம் அனுப்ப, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் இரயில் பாதை போட ஜப்பான் முடிவு செய்தது. 1942இல் வேலை தொடங்கியது. போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, மலாயாத் தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத நேரம் அது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டி ஆள் எடுத்தார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டும் போனார்கள்.

மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டு, பான் போங் என்ற நிலையத்தில் இறங்கி, காட்டு வழியே நடந்தார்கள். அந்த வட்டாரத்தின் பெயர் காஞ்சனபுரி. காஞ்சனம் என்றால் பொன் என்று நமக்குத் தெரியும். அந்தப் பொன்னகரில் அவர்களுக்குக் கிடைத்த உணவு கொஞ்சம் சோறும், சிறிது கருவாடும், நீர்த்த காய்கறிச் சாறும்தான். 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காலரா பரவியது. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு எடுத்துக் கேட்க ஆளில்லை.

1943 அக்டோபர் 17ஆம் நாள் பாதை இணைந்தது. 60,000க்கும் அதிகமான போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 180,000க்கும் அதிகமான ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டார்கள் என்பது மதிப்பீடு. காஞ்சனபுரியில் உள்ள போர்க்கைதிகளின் பெரிய மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களோ பெயரின்றி, கூட்டம் கூட்டமாகப் புதைக்கப்பட்டார்கள்.

இதற்காக இன்று நமக்குச் சட்டியில் சாறு ஊற்றித் தருகிறவர் மீது கோபப்படலாமா? கூடாது. பாதை போட்டது ஜப்பானியப் படை. வழிவிட்டது பாங்காக் அரசாங்கம். சாதாரண மக்களுள் இரக்கமுள்ளவர்கள் இருந்தார்கள். காஞ்சனபுரி வணிகர் பூன்போங் என்பவர் தம் உயிரைப் பணயம் வைத்துக் கைதிகளுக்கு இரகசியமாக மருந்து கொண்டுபோய்க் கொடுத்தார். போருக்குப் பின் பிரிட்டன் அவருக்கு விருதளித்துப் பாராட்டியது.

ஆகவே தொம்யாமை நன்றாகச் சாப்பிடுவோம். பாட்டி மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அவருக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அந்த மேசையிலேயே அவரிடம் சில கேள்விகள் கேட்கலாம். உங்கள் அப்பாவின் பெயர் என்ன? எந்தத் தோட்டத்திலிருந்து போனார்? அவரோடு போனவர்கள் யார் யார்? கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

இவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்போது மிகச் சிலரே இருக்கிறார்கள். கல்லறையில் பொறிக்கப்படாத பெயர்கள், நம் வீட்டு நோட்டுப் புத்தகத்திலாவது இருக்கட்டும்.