பார்க்கின்சனும் புது டில்லியும்

பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு 1973-ல் டில்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்த எனக்கு, விதி என்றால் நியூட்டன் சொன்னதுதான். தரியாகஞ்ச் நடைபாதையில் இரண்டு ரூபாய்க்கு வாங்கிய ‘பார்க்கின்சன் விதி’ என்ற பழைய புஸ்தகம் அந்த எண்ணத்தை மாற்றியது.

சி. நார்த்கோட் பார்க்கின்சன் (1909–1993) பிரிட்டிஷ் கடற்படைச் சரித்திர ஆசிரியர். சிங்கப்பூரில் மலாயா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோது, 1955-ல் ‘எகானமிஸ்ட்’ பத்திரிகையில் வந்த கட்டுரைதான் ஆரம்பம். எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு வேலையும் நீண்டுவிடும் என்பது அவர் கண்ட விதி. வெறும் கேலி என்று நினைக்க வேண்டாம், கணக்கும் வைத்திருக்கிறார். 1914-ல் 62 ஆக இருந்த பிரிட்டனின் பெரும் போர்க்கப்பல்கள் 1928-ல் 20 ஆகிவிட்டன. கடற்படையினர் 1,46,000-லிருந்து ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். லண்டன் தலைமையக அதிகாரிகளோ 2,000-லிருந்து 3,569 ஆனார்கள்!

டில்லிவாசிகளுக்கு ருசிக்கும் அத்தியாயம் வேறு. ஒரு ஸ்தாபனம் தனக்குக் கச்சிதமான மாளிகையைக் கட்டி முடிக்கும்போது அதன் காலமும் முடியப்போகிறது என்கிறார். அவர் தரும் உதாரணங்களில் ஒன்று புது டில்லி. 1911 டிசம்பர் தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகர் மாற்றத்தை அறிவித்தார். லட்யன்ஸும் பேக்கரும் ரெய்சினா குன்றில் கட்டினார்கள். வைஸ்ராய் மாளிகையில் இர்வின் பிரபு குடியேறியது 1929 டிசம்பரில். அதே மாதம் லாகூர் காங்கிரஸில் பூரண சுயராஜ்யத் தீர்மானம்! (நம்மவர்களானால் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்திருப்பார்கள்.) 1931-ல் நகரத் திறப்பு விழா, 1947-ல் மூட்டை முடிச்சு. பதினாறே வருஷம்.

இதில் மனுஷர் சற்றுக் கண்கட்டு வித்தை செய்கிறார் என்பது என் அபிப்பிராயம். கட்டியவர்கள் போனார்களே தவிர, அதே கட்டடங்கள் நம் குடியரசை எழுபது வருஷத்துக்கு மேல் தாங்கியிருக்கின்றன.

ஆனால் முதல் விதியை மறுக்க எனக்கு யோக்யதை கிடையாது. உத்தியோகஸ்தன் போட்டியாளரைச் சேர்க்க மாட்டான், கீழே ஆள் கேட்பான், அதுவும் இரண்டு பேராக என்கிறார் பார்க்கின்சன். 1984-ல் செக்ஷன் ஆபீசரான நான், வேலைப்பளு என்று நோட் எழுதி இரண்டு உதவியாளர் கேட்டேன். உண்மையில், கெட்டிக்கார வங்காளி நண்பர் ஒருவரோடு வேலையைப் பங்கிட எனக்கு மனமில்லை. அவர் வேறு பிரிவுக்குப் போனார். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவார், இருவரையும் நான் திருத்துவேன். ஆறு மணிக்கு வீடு திரும்பியவன் எட்டு மணிக்குத் திரும்பலானேன்.

“ஏன்னா, ஒத்தாசைக்கு ரெண்டு பேர் வந்தப்புறம் ஏன் இன்னும் லேட்டாறது?” என்று கேட்டாள் என் சகதர்மிணி.

பதில் அலமாரிப் புஸ்தகத்தில் இருந்தது. பைல் பாக்கி என்று சொல்லிவைத்தேன்.