சிப்பாயின் இதயமும் புழுங்கல் அரிசியும்

அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் கொண்டுள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படை பெங்களூருக்கு வந்தது 1834இல். அடுத்த ஆண்டே, மதராஸ் இராணுவத்தின் மருத்துவப் பிரிவைச் சேர்ந்த ஜான் கிராண்ட் மால்கம்சன் பெரிபெரி நோயைப் பற்றிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். வட சர்க்கார் எனப்பட்ட இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பாசறைகளில் சிப்பாய்களை அந்நோய் வாட்டிவந்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், மூச்சுத் திணறும், சிலர் திடீரென மாண்டனர். படை வரலாறுகள் போர்களை விரித்துரைக்கும் அளவுக்குச் சிப்பாயின் சோற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அவனைக் கொன்றதோ அந்தச் சோறுதான்.

இதயம் தளர்வதில் பல வகை உண்டு. உயர் இரத்த அழுத்தத்தை நெடுங்காலம் எதிர்த்து உழைக்கும் இடது கீழறையின் சுவர் தடித்து விறைக்கிறது. சுருங்கும் வலிமை இருந்தும் விரிந்து நிரம்பும் இயல்பு குறைகிறது. மாரடைப்பில் தசை அழிந்தால் அவ்விடம் வடுவாகி மெலிய, நீள்வடிவக் கீழறை நாளடைவில் விரிந்து உருண்டையாகிறது. பெரிபெரியின் கதை வேறு. தயமின் என்னும் உயிர்ச்சத்து குறைந்ததும் உடலெங்கும் சிறு இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. இரத்தம் தடையின்றி இதயத்துக்குத் திரும்பிப் பாய்கிறது. வழக்கத்தைவிட மிகுதியாக இறைத்தும் உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் இதயம் தோற்கிறது. அறைகள், சிறப்பாக வலப்புறத்தவை, விரிகின்றன. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் நோயாளிகளைக் கொண்டு ஆல்ஸ்மீரும் வெங்கெபாக்கும் இதை விளக்கியது 1929இல்தான்.

மாரடைப்பின் வடு மறைவதில்லை. பெரிபெரியில் விரிந்த அறையோ, தயமின் உரிய காலத்தில் கிடைத்தால் மீண்டும் சுருங்கிப் பழைய அளவை அடையக்கூடும். அச்சத்தை 1936இல் செயற்கையாக உருவாக்கிய இராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர், அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர்.

அதே மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் பெரிபெரி அரிது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் அய்க்ராய்டும் உடன் ஆய்வாளர்களும் அரிசி பற்றி 1940இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேற்றுமைக்கான விடையைத் தருகிறது. வட சர்க்காரில் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழ் மாவட்டங்களில் பெரும்பாலும் புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு எஞ்சுகிறது. மணமும் நிறமும் பிடிக்காமல் புழுங்கலை ஒதுக்கியவர்களுக்கு வெண்மை கிடைத்தது. தயமின் தவிட்டோடு போயிற்று.