மக்கு என்ற பட்டம்

சிங்கப்பூரில் கேலாங் செராய் என்றொரு பகுதி உண்டு. இன்று நகரமான அதுவும் ஒரு காலத்தில் தோட்டமே. எலுமிச்சைப் புல் விளைந்த மண். எழுத்தைக் கண்டு தடுமாறும் பிள்ளை எந்தத் தோட்டத்திலும் உண்டு. அவனுக்கு 'மக்கு' என்று பட்டம் சூட்டினோம். ஆசிரியர்களாகிய நாங்களும் பிரம்பெடுத்தவர்களே.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், அறிவில் குறையாத 14 வயதுச் சிறுவன் ஒருவன் வாசிக்க மாட்டாமல் தவித்ததை எழுதினார். உலகம் அதை மெதுவாகவே கேட்டது. 1979இல் சிங்கப்பூரின் கல்வி அறிக்கை, மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கச் சொன்னது. ஒருவன் பின்தங்கினான் என்று மதிப்பெண் காட்டியது; ஏன் என்று காட்டவில்லை.

1991இல் அங்கே டிஸ்லெக்சியா சங்கம் தோன்றியது. உளவியலார் பிள்ளையைச் சோதித்தனர். ஆசிரியர்கள் ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பித்தனர். 2012 முதல் தொடக்கப்பள்ளிகளுக்குள்ளேயே இதற்கெனத் தனி வகுப்புகள் தொடங்கின.

பெற்றோரே, பேச்சில் சூட்டிகையான பிள்ளை வாசிப்பில் திணறினால் அடிக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு, எந்த எழுத்தில் தடுமாறுகிறான் என்று குறித்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்போம்.