பிபிசி டூம்ஸ்டே திட்டம்

பிபிசி டூம்ஸ்டே திட்டம் என்பது ஐக்கிய இராச்சியத்தில் 1984 முதல் 1986 வரை நடைபெற்ற ஓர் எண்ணிம ஆவணத் திட்டம் ஆகும். மன்னன் முதலாம் வில்லியமின் ஆணைப்படி 1086 இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நூலின் 900 ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி இது மேற்கொள்ளப்பட்டது. எண்ணிம முறையில் சேமிக்கப்பட்ட நினைவுகள் குறுகிய காலத்திலேயே அணுக முடியாதவை ஆகக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

உள்ளடக்கம்

இத்திட்டத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். இவர்களுள் பள்ளி மாணவர்கள் பலர். நாடு 4 கிமீ நீளமும் 3 கிமீ அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தைப் பற்றியும் அங்கு வாழ்ந்தவர்களே எழுதினர். ஊரின் வரலாறு, தொழில்கள், அன்றாட வாழ்க்கை ஆகியவை இவற்றில் இடம்பெற்றன. இவ்வாறு ஏறத்தாழ 1,47,000 பக்கங்களும் 23,000 ஒளிப்படங்களும் சேர்ந்தன.

தொழில்நுட்பம்

தகவல்கள் இரண்டு லேசர் வட்டுக்களில் பதியப்பட்டன. ஒன்று சமுதாய வட்டு, மற்றொன்று தேசிய வட்டு எனப்பட்டது. இவற்றைப் படிக்க ஏகோர்ன் நிறுவனத்தின் பிபிசி மாஸ்டர் கணினியும், பிலிப்சு நிறுவனம் இதற்கென உருவாக்கிய விபி415 இயக்கியும் தேவைப்பட்டன. விலை மிகுதியாக இருந்ததால் பல பள்ளிகளால் இவற்றை வாங்க இயலவில்லை. தாம் எழுதியதைத் திரையில் ஒருமுறையேனும் காணாத மாணவர்களும் இருந்தனர்.

வழக்கொழிவும் மீட்பும்

லேசர் வட்டு சந்தையில் நிலைபெறவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் இயங்கும் நிலையிலுள்ள இயக்கிகள் அரிதாயின. வட்டுக்கள் பழுதடையாமல் இருந்தும், அவற்றைப் படிக்கும் கருவி இல்லாமற் போனதே சிக்கலாயிற்று. 2002 இல் லீட்சு, மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கமிலியன் திட்டத்தினர், பழைய கணினியின் செயற்பாட்டைப் புதிய கணினியில் போலச் செய்யும் மென்பொருள் மூலம் அவற்றை மீண்டும் இயக்கிக் காட்டினர். 2011 இல் சமுதாய வட்டின் உள்ளடக்கத்தை பிபிசி இணையத்தில் வெளியிட்டது. அத்தளமும் 2018 இல் நிறுத்தப்பட்டது. அதன் படி ஐக்கிய இராச்சியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகிறது.

மூல நூலுடன் ஒப்பீடு

தோலில் இலத்தீன் மொழியில் கையால் எழுதப்பட்ட மூல நூல் இலண்டனின் கியூ பகுதியில் உள்ள அதே காப்பகத்தில் இன்றும் உள்ளது. அதன் எழுத்தும் மொழியும் அறிந்த எவரும் எக்கருவியும் இன்றி அதனைப் படிக்கலாம். எண்ணிம ஆவணத்துக்கோ ஊடகம், கருவி, மென்பொருள், கோப்பு வடிவம் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் ஆவணம் பயன்படாது. எனவே தனிநபர் ஒளிப்படங்கள், கடிதங்கள் போன்றவற்றையும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படியெடுத்து வைப்பதும், காலந்தோறும் புதிய ஊடகங்களுக்கு மாற்றுவதும் இன்றியமையாதவை ஆகும்.