கேட்கிற முறை

படத்துக்குப் பணம் கேட்பதும் படம் எடுப்பதில் ஒரு பகுதிதான் என்று சினிமா வரலாறுகள் எழுதுவதில்லை. தயாரிப்பாளர் என்ற ஆசாமி இருக்கும்வரை அது அவர் அறைக்குள் நடக்கிற பேச்சு. அவரை விட்டுவிட்டு முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் நேராகக் கை நீட்டுகிறபோதுதான் கேட்பதற்கென்று ஒரு வடிவம் தேவைப்படுகிறது. கிக்ஸ்டார்ட்டர் 2009இல் தொடங்கியபின் அந்த வடிவம் இரண்டு மூன்று நிமிட வீடியோ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இயக்குநர் காமிராவைப் பார்த்துப் பேசுகிறார். எடுத்தவரையில் சில துண்டுகள். எவ்வளவு கொடுத்தால் என்ன கிடைக்கும் என்ற விவரம். முடிவில் வேண்டுகோள். எங்கள் வட்டத்தில் ஒருவர் இப்போது இதற்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறார். இதுவரை ஐந்து முறை திருத்தியாயிற்று. திரைக்கதையை ஒரு முறைதான் திருத்தினார்.

அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் எழுதுவது வெறும் விளம்பரம், பணம் வந்ததும் மறந்துவிடலாம் என்று அவர் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்ட முறை படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு முன் பொதுமக்களிடம் கேட்டு எடுக்கப்பட்ட படங்களைப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் படுகிறது.

ழான் ரென்வாரின் 'லா மார்ஸெய்யேஸ்' 1938இல் வந்தது. பிரான்ஸில் மக்கள் முன்னணி உண்டாக்கிய உற்சாகத்தில், தொழிற்சங்கக் கூட்டமைப்பின் துணையோடு, இரண்டு பிராங்க் சீட்டுகள் விற்றார்கள். படம் வெளியானதும் டிக்கெட் விலையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தப் பணத்தைக் கண்டாலும் இது எந்தக் கணக்கில் ஏறும் என்ற கேள்விதான் முதலில் வரும், தொழில் நோய். இது நன்கொடை அல்ல, முன்பணம். வசூல் போதாமல் கடைசியில் வழக்கமான முதலீட்டைத்தான் நாட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். படத்தில் நாம் பார்ப்பது மார்ஸெய்யிலிருந்து பாரிஸுக்கு நடந்து போகும் சாதாரண ஆட்களை. அரசனைவிட அவர்கள்தான் முக்கியம்.

ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976) எல்லோருக்கும் தெரிந்த கதை. குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் ஐந்து லட்சம் பேர், தலைக்கு இரண்டு ரூபாய், ஆக பத்து லட்சம். இங்கே இயக்குநர் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. பால் பணத்தில் சங்கம் பிடித்துக்கொண்டது. கொடுத்தவர்கள் லாரி லாரியாக வந்து தங்கள் கதையைப் பார்த்தார்கள். படத்தின் பலமும் அதுதான், அதன் எல்லையும் அதுதான்.

ஜான் ஆபிரகாம் விஷயம் வேறு. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தவர். அதன் திரைக்கதை வெங்கட் சாமிநாதனுடையது என்பதை இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு, அதை உதறி புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனவர் என்பதால் என்னைப் போன்றவர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு. 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேஸா என்ற குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போனார்கள். செண்டை கொட்டினார்கள், தெருநாடகம் போட்டார்கள், சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டார்கள். பிறகு கேட்டார்கள். எடுக்கப்போகும் படத்தின் மாதிரியை யாருக்கும் காட்டவில்லை. இன்னொருவருடைய நல்ல படத்தை முதலில் கொடுத்துவிட்டு, இதுபோல ஒன்றுக்கு உங்களால் ஆனதைப் போடுங்கள் என்பதாக இருந்தது அந்தக் கேள்வி. வந்த பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' உருவாயிற்று. இறந்துபோன ஓர் இளைஞனின் செய்தியை அவன் தாயிடம் சொல்ல ஒருவன் வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் புறப்படுகிறான். வழியில் ஊருக்கு ஊர் நண்பர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், கூட்டம் பெருகுகிறது. பணம் திரட்டிய பயணமே படத்தின் உருவமாகிவிட்டதை நான் தற்செயல் என்று ஒதுக்க மாட்டேன்.

எதிர்ப்பக்கம் 'வெரோனிகா மார்ஸ்'. 2007இல் நிறுத்தப்பட்ட அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அது. அதைப் படமாக்க 2013 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டார்கள். வீடியோவில் அதே நடிகர்கள் தோன்றி, நகைச்சுவையாக நடித்துக் காட்டினார்கள். இலக்கான 20 லட்சம் டாலர் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. முடிவில் 91,585 பேர், 57 லட்சம் டாலர். இதில் மோசடி ஒன்றும் கிடையாது. தெரிந்த முகங்களை மறுபடி பார்க்கக் கொடுத்தார்கள், 2014இல் தெரிந்த முகங்கள் வந்தன. கணக்கு நேராயிற்று. இதுவும் முன்பணம்தான், ரென்வாரின் சீட்டைப் போல. ஆனால் அந்தச் சீட்டு வாங்கியவன் எதிர்பார்த்தது ஒரு புரட்சியை. இங்கே எதிர்பார்த்தது முன்பே வாங்கிய சரக்கை.

நண்பரின் வசனத்தில் என்னை உறுத்துவது இதுதான். படத்தின் முடிவுவரை சொல்லிவிடுகிறார். எடுக்காத படத்தை எடுத்து முடித்ததுபோலக் காட்டாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்கிறார். படப்பிடிப்பின் நடுவில் படம் வேறு திசையில் இழுத்தால் என்ன செய்வார்? அறுநூறு பேரிடம் வாக்குக் கொடுத்தாயிற்றே.

ஜான் கஸாவெட்டிஸ் 1957இல் நியூயார்க் வானொலியில் ஜீன் ஷெப்பர்டின் இரவு நிகழ்ச்சிக்குப் போனார். தான் நடித்த வேறொரு படத்தைப் பற்றிப் பேசப் போனவர், மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் நீங்களே பணம் அனுப்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். காட்டுவதற்கு அவரிடம் ஒரு துண்டுகூட இல்லை. இருந்தது நடிப்புப் பட்டறையில் செய்து பார்த்த ஒரு பயிற்சி மட்டும். நேயர்கள் ஒற்றை டாலராகவும் ஐந்து டாலராகவும் அனுப்பியதில் இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்தது. 'ஷேடோஸ்' 1958இல் திரையிடப்பட்டது. யோனாஸ் மேகாஸ் கொண்டாடினார். கஸாவெட்டிஸுக்குப் பிடிக்கவில்லை. பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து 1959இல் வேறொரு படமாகவே கொண்டுவந்தார். மேகாஸ் கோபித்துக்கொண்டார்; முதல் வடிவம்தான் படம் என்றார். எது மேல் என்பதில் எனக்கு மேகாஸோடு உடன்பாடில்லை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இன்னதைத் தருகிறேன் என்று வானொலியில் சொல்லாததால்தான் அவரால் முதலாவதைத் தூக்கிப்போட முடிந்தது. ஷெப்பர்டின் இரவு நேயர்கள் வழங்கும் படம் என்ற எழுத்து திரும்ப எடுத்த படத்தின் தொடக்கத்தில் வருகிறது.