அபினுக்கு மாற்றாய் வந்த இலை

மாத்தளை மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில், மகாவலி கங்கையை ஒரு புறமும் வஸ்கமுவ வனத்தை மறுபுறமும் எல்லைகளாகக் கொண்டு விளங்கும் வில்கமுவப் பிரதேசம், மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகள் முடிந்து உலர்வலயத்துக் குளங்களும் வயல்களும் தொடங்கும் பூமியாகும். இத்தகைய பூமியின் ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும், வெள்ளம் வந்து வடிந்த ஈரத்தை விரும்பி வளர்வது நீர்க்கடம்பு. சிங்களவர் இதனை ஹெலம்ப என்பர். நெல்லிக்காயளவு உருண்டையாக, வெளிர்மஞ்சள் நிறத்தில் பூங்கொத்து விடும் இம்மரத்தின் பட்டையையும் வேரையும் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் பயன்படுத்துவது நாட்டு வைத்தியர் வழக்கம். இதே குலத்தில் பிறந்த மற்றொரு மரம், வங்கக் கடலுக்கு அப்பால், சீயம் என்னும் தாய்லாந்திலும் மலாய் நாட்டிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அரசாங்கங்களை அலைக்கழித்து வந்திருக்கிறது. சீயத்தார் அதனைக் கிரேட்டம் என்பர். மலாய்க்காரர் கெத்தும் என்பர். அதற்கு வலிமை தரும் மித்ரஜைனின் என்னும் சத்து நம் நீர்க்கடம்பில் முதன்மையாக இல்லை. இதில் உள்ளவை வேறு வகைச் சத்துக்கள். ஆகவே நம் குளக்கரை மரத்தை நாடி எவரும் புறப்பட வேண்டியதில்லை.

தென்சீயத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளி, விடியுமுன் பால்வெட்டப் போகும்போது, இரண்டு மூன்று பச்சை இலைகளைப் பறித்து, நடுநரம்பைக் கிழித்தெறிந்து, மலச்சிக்கல் வராதிருக்கச் சிறிது உப்புச் சேர்த்து, வெற்றிலை போடுவதைப் போலவே மென்று கொள்வான். உடல் களைப்பை மறக்கும், வெயில் பொறுக்கும், வேலை நீளும். மலாய் நாட்டின் வடபகுதியிலோ, கெடா, பெர்லிஸ், பினாங்கு முதலிய இடங்களில், இலையைப் பானையிலிட்டு நெடுநேரம் காய்ச்சி, கசப்பேறிய பழுப்பு நிறக் கஷாயத்தைச் சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி விற்பார்கள். சிறிதளவு உற்சாகம் தருவதும், அளவு மிஞ்சினால் அபினைப் போல மயக்கம் தருவதும் இவ்விலையின் இயல்பு.

அந்த இரண்டாம் இயல்பே இதன் சரித்திரத்தை நிர்ணயித்தது. 1895இல் ஹோம்ஸ் என்னும் ஆங்கில மருந்தியல் அறிஞர், மலாய் நாட்டில் அபின் கிடைக்காதபோது இவ்விலையை மக்கள் அதற்குப் பதிலாக உட்கொள்வதைக் குறித்து வைத்தார். 1897இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி, அபின் பழக்கத்தை விடுவதற்கு இதுவே பரிகாரமாகக் கொள்ளப்படுகிறதென்று எழுதினார். ரப்பர் மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, அப்பயிரை மலாய் நாடெங்கும் பரப்பியவரும் இந்த ரிட்லியே. 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடையில் வேரூன்றிய அந்நிய ரப்பர்க் கன்று மலாய் நாட்டில் பெருங்காடாக, அக்காட்டை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறின. தமிழன் கெத்தும் இலையை அறிந்தது அவ்வழியிலேதான்.

அபினை விற்றுக் கருவூலத்தை நிரப்பியவர்கள் அரசாங்கத்தாரே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்தது. இலங்கையிலும் உரிமம் பெற்ற அபின் கடைகள் பகிரங்கமாக நடந்தன. பௌத்தரும் கிறிஸ்தவரும் ஒன்றுகூடி எதிர்த்த பின்னரே, 1910ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடைகள் மூடப்பட்டு, பதிவு செய்துகொண்ட பழக்கக்காரர்க்கும் நாட்டு வைத்தியர்க்கும் மட்டும் அரசாங்கமே அளந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பெயரைப் பதிந்துகொண்டு, கணக்குப்படி, கண்காணிப்பில் மருந்தளிப்பதென்பது இக்காலத்து மருத்துவர் கண்ட புதுமையன்று. நம் பாட்டனார் காலத்துக் கொழும்பு அதிகாரிகளும் அறிந்த உபாயமே. சீயத்திலோ, வரி ஏற ஏற அபின் விலையும் ஏற, ஏழைகள் கொல்லையிலேயே முளைக்கும் கிரேட்டத்துக்குத் திரும்பினர். வருமானம் குன்றவே, 1943இல் கிரேட்டச் சட்டம் பிறந்து மரத்தையே தடை செய்தது. அத்தடை நீங்க 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலேசியாவோ அதற்கு எதிர்த்திசையில், 2003இல் இவ்விலையின் சத்தை நச்சுப்பொருட் சட்டத்துள் அடக்கியது.

இதற்கிடையே, 1930களின் பிற்பகுதியில் ஜெர்மானிய இரசாயனிகள் ஆக்கிய மெதடோன் என்னும் செயற்கை மருந்தை, 1965இல் நியூயார்க்கில் டோல், நிஸ்வாண்டர் என்னும் இருவர் ஹெராயின் பழக்கத்தினர்க்கு அன்றாடச் சிகிச்சையாக்கினர். மலேசியா அதனை 2005இல் ஏற்றது. நோயாளி தினந்தோறும் சிகிச்சை நிலையத்துக்கு வந்து, சிறு கிண்ணத்தில் அளந்து ஊற்றிய பாகை மருந்தாளர் எதிரிலேயே குடித்து, விழுங்கிவிட்டதைக் காட்ட ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும். ஆனால் வேலைக்குப் போகும் கூலிக்காரனுக்கு நாள்தோறும் அவ்வளவு தூரம் வருவது எளிதா? அளவு போதாமல் மாலையில் உடம்பு முறுக்கும்போது அவன் எங்கே போவான்? தெருமுனையில் கெத்தும் பை மலிவு; சாதாரணச் சிறுநீர்ச் சோதனையிலும் அது அகப்படாது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்னசிங்கமும் அவர் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வடமாநிலங்களில் ஹெராயினுக்கு மாற்றாக மக்கள் தாமே இவ்விலையைக் கைக்கொள்வதை எடுத்துரைத்தது. ரிட்லி எழுதியதற்கு நூறாண்டு கடந்த பின்னும் அதே மரம், அதே நம்பிக்கை. ஆயினும் இரண்டையும் ஒருங்கே உட்கொள்வது அபாயகரமானது: கெத்தும் சத்து, மெதடோனைக் கரைத்தகற்றும் ஈரலின் வேலையைத் தடுக்கக்கூடும், மருந்து உடலில் தேங்கினால் மூச்சு மந்தப்பட்டு, இருதயத் துடிப்பும் தடம் புரளலாம்.

நம் இலங்கையில் குடு என்னும் பெயரோடு ஹெராயின் பரவத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில். 1984ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 2 கிராம் ஹெராயினுக்கும் மரண தண்டனை வகுத்தது. 2007இல் கட்டாயப் புனர்வாழ்வுச் சட்டம் வந்தது. வில்கமுவவைக் கடந்து வடக்கே செல்லும் அதே மகாவலிக் கரையோரத்துக் கந்தகாட்டுப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து 2022இல் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நாடே பார்த்தது. அடைத்து வைத்து எவரையும் குணப்படுத்த இயலாது என்பது என் திடமான அபிப்பிராயம். மெதடோன் சிகிச்சை நிலையத்து மருத்துவர்கள், நோயாளி வேறென்ன உட்கொள்கிறான் என்பதைத் தண்டிக்கும் நோக்கமின்றிக் கேட்டறிய வேண்டும். மறைத்துக் குடிக்கும் கெத்துமே உயிருக்கு உலை வைப்பது. மெதடோன் பெறும் அன்பர்களையும், அவர்களுடைய பெற்றோரையும் மனைவியரையும் நான் வேண்டுவது இது ஒன்றே: இலையோ, கஷாயமோ, பொடியோ, எதைத் தொட்டிருந்தாலும், அடுத்த வேளை மருந்துக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.