வாசலில் விழுந்த பனியைப் படம் பிடித்த விவசாயி

நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். விடியற்காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே போனால் புல்நுனியில் முத்து முத்தாக நிற்குமே, அது. குளிர்நாடுகளில் வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழுவதையும் பனி என்றுதான் சொல்கிறோம். அந்தப் பனியைப் படம் பிடிப்பதிலேயே ஆயுளைக் கழித்த ஒரு விவசாயியின் கதை இது.

பெயர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் 1865 பிப்ரவரி 9-ஆம் தேதி பிறந்தார். மாடு வைத்துப் பால் கறந்து பிழைத்த குடும்பம். தாயார் முன்பு பள்ளி ஆசிரியை; பதினான்கு வயது வரை மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர். அந்த அம்மாள் கொடுத்த ஒரு பழைய மைக்ராஸ்கோப்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பையன் அதில் ஒரு பனித்துகளை வைத்துப் பார்த்தான். ஆறு முனைகள், ஒவ்வொரு முனையிலும் இறகு போலக் கிளைகள், நடுவில் கோலம் போட்டது போல ஒரு வடிவம்! பார்த்ததைத் தாளில் வரையத் தொடங்கினான். பாதி வரைவதற்குள் துகள் கரைந்து போய்விடும்.

பனித்துகள் ஏன் ஆறு முனையோடு இருக்கிறது என்று 1611-லேயே கெப்ளர் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். 1665-இல் ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைந்தார். கையால் வரைவதில் உள்ள சங்கடம் எல்லோருக்கும் ஒன்றுதான். கரைவதற்குள் எவ்வளவு வரைய முடியும்?

மைக்ராஸ்கோப்போடு கேமராவைப் பொருத்தினால் முடியும் என்று பென்ட்லிக்குத் தோன்றியது. சாதனங்களின் விலை ஏறக்குறைய 100 டாலர். அந்தக் காலத்தில் ஒரு விவசாயிக்கு அது பெரிய தொகை. தகப்பனாருக்கு இதெல்லாம் வேண்டாத வேலையாகத் தெரிந்தாலும், தாயார் வற்புறுத்தியதால் வாங்கிக் கொடுத்தார். பல தோல்விகளுக்குப் பிறகு 1885 ஜனவரி 15-ஆம் தேதி முதல் படம் சரியாக விழுந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

அவர் வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். அடுப்போ கணப்போ இல்லாத ஒரு கொட்டகை. கறுப்பு வண்ணம் பூசிய பலகையை வெளியே நீட்டிப் பனியைப் பிடிப்பார். நல்ல துகளாகத் தெரிந்ததை மெல்லிய குச்சியால் தொட்டெடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பறவை இறகால் லேசாக அழுத்திப் படிய வைப்பார். மூச்சுக்காற்று பட்டாலே போய்விடும். எனவே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் படம். இப்படி நாற்பத்தாறு ஆண்டுகள், 5000-க்கும் அதிகமான படங்கள்! இதற்காக அவர் வேறு ஊருக்குப் போகவில்லை. விழுந்த பனி எல்லாம் அவர் வாசலில் விழுந்ததுதான்.

மழையையும் விடவில்லை. ஒரு தட்டில் மாவைப் பரப்பிச் சில விநாடி மழையில் நீட்டுவார். துளி விழுந்த இடத்தில் மாவு உருண்டையாகத் திரளும். அதை உலர்த்தி அளந்து துளியின் பருமனைக் கணக்கிட்டார். இதை 1904-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

எதிர்ப்பும் வந்தது. ஜெர்மனியின் வானிலை அறிஞர் ஹெல்மன், பென்ட்லி படங்களின் ஓரங்களைத் திருத்துகிறார் என்று குற்றம் சாட்டினார். பின்னணி கறுப்பாகத் தெரிவதற்காக, நெகடிவின் நகலில் துகளைச் சுற்றியுள்ள பூச்சைப் பென்ட்லி சுரண்டி எடுப்பது வழக்கம். மூல நெகடிவில் கை வைப்பதில்லை. ஆனாலும் ஹெல்மன் சொன்னதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. வானத்திலிருந்து விழுபவற்றில் உடைந்ததும் கோணலானதும்தான் மிகுதி. பென்ட்லி அழகானவற்றையே தேடித் தேடி எடுத்தார். ஆகவே அவர் தொகுப்பைப் பார்த்து எல்லாப் பனித்துகளும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அதனால் அவர் உழைப்பு வீணாகிவிடவில்லை. 1931-இல் 2400-க்கு மேற்பட்ட படங்களோடு அவருடைய புத்தகம் வெளிவந்தது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் நகாயா என்ற இயற்பியலாளர் அந்தப் படங்களால் கவரப்பட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். 1936-இல் ஆய்வகத்திலேயே பனித்துகளை வளர்த்துக் காட்டினார். காற்றின் குளிரும் ஈரமும் மாறினால் வடிவமும் மாறும் என்பதை அவர் ஆராய்ச்சி தெளிவாக்கியது. நாம் படங்களில் பார்க்கும் கிளை விரிந்த நட்சத்திர வடிவம் ஏறக்குறைய மைனஸ் 15 டிகிரியில் உருவாகிறது. மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசி போல வளர்கிறது.

இதையெல்லாம் பார்க்கப் பென்ட்லி இல்லை. புத்தகம் வந்த சில வாரங்களில், கடும் பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியவர் நிமோனியா கண்டு, 1931 டிசம்பர் 23-ஆம் தேதி காலமானார். வயது 66.

பென்ட்லி பனித்துளியையும் சிலந்தி வலையில் தங்கும் நீர்மணிகளையும்கூடப் படம் எடுத்திருக்கிறார். அவை நம் ஊரிலும் உண்டு. இப்போது நம் கையில் உள்ள செல்போனுக்கு அவருடைய கேமராவைவிடச் சௌகரியம் அதிகம். மூட்டு வலிக்காரர்கள்கூடக் கொல்லைப்புறம் வரை போகலாம். வெயில் ஏறினால் துளி காய்ந்துவிடும். ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். எடுத்த படத்தில் தேதியையும் நேரத்தையும் குறித்து வைக்க மறக்க வேண்டாம். பென்ட்லி ஒவ்வொரு படத்தோடும் அன்றைய வானிலையைக் குறித்து வைத்தார்.